முழங்கால் அளவு தண்ணீர்

எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு சுற்றுலா உண்டு. திருச்செந்தூர், இல்லாவிட்டால் கன்னியாகுமரி. விடியக் கிளம்பி, சாமி கும்பிட்டு, கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும். அதே ஊர் ஆண்கள் பள்ளியில் சாரணர் படை இருந்தது. அவர்கள் முண்டந்துறைக் காட்டுக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். என் அண்ணனும் போனான். முழங்காலில் சிராய்ப்பும் கணுக்காலில் அட்டை கடித்த தழும்புமாகத் திரும்பி வந்தான். அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப்போட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏன், என்ன என்று யாரும் கேட்கவில்லை. யானை லத்தியை மிதித்த கதையை அவன் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கும் அப்படி ஒரு சிராய்ப்பு வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது.

1970களின் தொடக்கம் அது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். ஆறு கண்முன்னே ஓடியது. ஆனால் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்த ஆறுகள் கங்கையும் பிரம்மபுத்திராவும்தான். வகுப்பாக ஒருநாள்கூட எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனதில்லை. வயசுப் பிள்ளைகளை எப்படி ஆற்றுக்கு அழைத்துப்போவது என்பதே கேள்வி. ஆபத்தை எடைபோட்டு எடுத்த முடிவில்லை அது. பெண் பிள்ளைகளுக்கு அதில் என்ன பயன் என்று யாருக்கும் தோன்றாததால் எடைபோட வேண்டிய தேவையே எழவில்லை.

எனக்கு ஆற்றைக் கற்றுத்தந்தவள் அத்தை. துணி துவைக்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். வெறுங்குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலை உதைக்கச் சொல்வாள். உள்ளே அடைபட்ட காற்று தாங்கிக்கொள்ளும். பாவாடை காலைச் சுற்றும். அதை முடிச்சுப்போட்டு இடுப்பில் செருகக் கற்றுக்கொடுத்தாள். நீந்தத் தெரிந்த பிறகுதான் அவளுடைய உண்மையான பாடம் ஆரம்பித்தது. அடிமணல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காலை வைக்காதே. தண்ணீர் அசையாமல் கறுத்து நின்றால் அது கசம், அந்தப் பக்கமே போகாதே. மதகுக்குப் பக்கத்தில் மேலே அமைதியாக இருக்கும், அடியில் இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: "ஏட்டி, எறங்குறதுக்கு முன்னால மேக்க பாரு. செத்தையும் நுரையுமா வந்துச்சுன்னா துணியப் போட்டுட்டு ஏறிரு. இங்க வெயில் அடிக்கும், மலையில மழை கொட்டியிருக்கும்."

அத்தை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். வெள்ளத்தைப் பற்றி அவள் சொன்ன அந்த இரண்டு வரியைவிடத் தெளிவாக எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

அந்தக் காலம் பத்திரமானது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டைதான் வரும். அண்ணனின் வகுப்பில் படித்த ஒரு பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் போய்விட்டான். உடலை மறுநாள்தான் எடுத்தார்கள். அவனுடைய அம்மா படித்துறையில் உட்கார்ந்து அழுததை ஊரே பார்த்தது. "ஆறு, வருசத்துக்கு ஒரு காவு கேக்கும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவனுக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை. அவனுக்குத் தெரியாது. அவன் மூழ்கிய இடத்தில் ஒரு கம்பை நட்டு, இங்கே ஆழம் என்று எழுதிவைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரமே அதே பாறையிலிருந்து பையன்கள் குதித்தார்கள். ஆற்றின் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஊர் அதன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

1980களில் அதே ஆற்றங்கரையில் வேறொரு ஊரின் பெண்கள் பள்ளிக்கு நான் அறிவியல் ஆசிரியையாகப் போனேன். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் முதலில் யோசித்தார். பிறகு, "என்னென்ன ஏற்பாடு செய்வீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். மறுக்கவும் இல்லை, உடனே தலையாட்டவும் இல்லை. அவர் அன்று கேட்ட அந்தத் தாளைத்தான் என் பணிக்காலம் முழுவதும் எழுதினேன். ஊர் மாறியது, பிள்ளைகள் மாறினார்கள், தாளின் வடிவம் மாறவில்லை.

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடப்பக்கம், என்ன நடந்துவிடக்கூடும், அதற்கு என்ன செய்யப்போகிறோம். வலப்பக்கம், போவதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும், அதை வகுப்பறைக்குள்ளேயே கொடுத்துவிட முடியுமா. வலப்பக்கத்தில் எழுத உருப்படியாக ஒன்றும் இல்லையென்றால் போகவேண்டியதில்லை. இடப்பக்கத்தில் பதில் இல்லாத கேள்வி ஒன்று மிஞ்சினாலும் போகவேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப்பக்கம் போவதில்லை. பாபநாசத்தில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் எங்கள் படித்துறைக்கு எப்போது வந்து சேரும் என்று பொதுப்பணித்துறை லஸ்கரிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். அன்று காலை நானே போய், பிள்ளைகள் இறங்கப்போகும் இடத்தை மூங்கில் கம்பால் குத்திக் குத்திப் பார்ப்பேன். மணல் அள்ளிய வருடங்களில் இந்த வேலை கடினமாகிவிட்டது. போன மாதம் சமதளமாக இருந்த இடத்தில் இந்த மாதம் ஆளுயரப் பள்ளம் இருக்கும். நீச்சல் தெரிந்த தாய்மார்கள் இரண்டு பேர் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் நிற்பார்கள். நைலான் கயிறு ஒரு சுருள், பிளாஸ்டிக் குடங்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருத்தி காணவில்லையென்றால் மற்றவள்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவைப்பேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறக்கூடாது. யாருடைய முழங்கால் என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. வகுப்பிலேயே குள்ளமானவளின் முழங்கால் என்று அன்றே முடிவு செய்தோம்.

வலப்பக்கம் கிடைத்தவை ஏராளம். கரையில் இரண்டு கம்பு நட்டு, தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு, ஒரு கம்பிலிருந்து மறு கம்புக்கு எத்தனை விநாடி என்று எண்ணி ஆற்றின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். கரையோரம் ஒரு வேகம், நடுவில் ஒரு வேகம். நடு ஆற்றுக்குப் போகாதே என்று அம்மா சொல்வதற்கு அன்றைக்கு எண்ணால் காரணம் கிடைத்தது. கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருந்த தட்டான்பூச்சியின் இளம்புழுவைப் பார்த்தார்கள். நீர்மருது மரத்தின் வேர்கள் கரையைப் பிடித்து வைத்திருப்பதையும், மரத்தை வெட்டிய இடத்தில் கரை சரிந்து கிடப்பதையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தார்கள். ஒருமுறை எதிர்க்கரையில் நீர்நாய்கள் மீனைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தன. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது.

வாத்து மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். பாதி நாள் பள்ளிக்கு வரமாட்டாள். வாசிக்கச் சொன்னால் திணறுவாள். மதகருகே போனபோது அவள்தான் எல்லோரையும் கைநீட்டித் தடுத்தாள். "டீச்சர், இங்க வாத்தே எறங்காது" என்றாள். ஏன் என்று கேட்டேன். அடியில் மதகின் கண் திறந்திருக்கிறது, வாத்தின் கால் இழுபடும் என்றாள். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும் என்ற பாடத்தை அந்த வருடம் நான் மதகிலிருந்துதான் தொடங்கினேன். அந்த வகுப்பில் அதை மறந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

கிழிந்த பாதம், கண்ணாடிச் சில்லு குத்திய குதிகால், குளவி கொட்டிய கன்னம் எல்லாம் உண்டு. வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடுவேன், மறைத்ததில்லை. திட்டுவார்கள். அடுத்த தடவையும் அனுப்புவார்கள்.

இப்போது என் பேத்தி சென்னையில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய பள்ளியிலிருந்து போன வருடம் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். தண்ணீர்ச் சறுக்கு, செயற்கை அலை எல்லாம் இருக்கும் இடம். பிள்ளைகள் குதூகலமாகத்தான் இருந்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. போவதற்கு முன் ஒரு படிவம் வந்தது. மகள் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் வாங்கிப் படித்தேன். நல்ல தாளில் அச்சடித்தது. எது நேர்ந்தாலும் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்பது மட்டும் மூன்று விதமான வாசகங்களில் இருந்தது. குழந்தைக்கு நீந்தத் தெரியுமா என்ற கேள்வி இல்லை. இழுப்பு உண்டா, வலிப்பு வந்ததுண்டா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்ற கேள்விகளும் இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதும் இல்லை. பேருந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பும் என்று இருந்தது. அந்த ஓட்டுநர் முந்தின இரவு தூங்கினாரா என்று கேட்க அதில் இடமில்லை.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சறுக்கு மரத்தைப் பற்றியும் தண்ணீரின் சுத்தத்தைப் பற்றியும் கவலைப்பட்டார்கள். பயணத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. 2022 அக்டோபரில், எர்ணாகுளம் மாவட்டத்துப் பள்ளியொன்றிலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா கிளம்பிய பேருந்து வடக்கஞ்சேரி அருகே இரவில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் மாணவர்கள், ஒருவர் ஆசிரியர். ஊட்டியின் பள்ளத்தாக்கை நினைத்து அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்கள் பயந்திருப்பார்கள். ஊட்டியைப் பிள்ளைகள் பார்க்கவே இல்லை.

இன்னொரு செய்தி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. 2023 பிப்ரவரியில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றிலிருந்து கால்பந்து விளையாட வந்த நான்கு சிறுமிகள் மாயனூர் அருகே காவிரியில் மூழ்கி இறந்தார்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகள், கால்பந்து அணியாக வெளியூர் போகும் அளவுக்கு வந்தவர்கள். என் தலைமுறையில் நினைத்தும் பார்க்க முடியாத ஒன்றை அந்தப் பள்ளி அவர்களுக்குச் செய்து கொடுத்திருந்தது. வறண்ட பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அத்தனை தண்ணீரைப் பார்த்தால் இறங்கத்தானே தோன்றும். ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். விசாரணை வேண்டும், பொறுப்பு யாருடையது என்று தெரியத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த வாரம் எனக்குத் தெரிந்த பள்ளிகளில் ஆசிரியர்கள் பேசிக்கொண்டது, இனிமேல் வெளியே எங்கும் அழைத்துப்போகக்கூடாது என்பதை மட்டும்தான். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆற்றின் மேல் பழி, இன்றைக்கு ஆசிரியர் மேல். ஐம்பது வருடத்தில் இவ்வளவு மாறியிருக்கிறது. பிள்ளைக்கு நீந்தத் தெரியாது என்பது மட்டும் மாறவில்லை.

நம்மால் வேறு மாதிரி யோசிக்க முடியாது என்றும் இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். ஆற்றிலோ மலையிலோ இல்லை, வகுப்பறையில். அதற்காகப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கூரைக் கொட்டகை கூடாது என்றார்கள், அகற்றினார்கள். 2012இல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். பள்ளிப் பேருந்துகளை நாம் ஒழித்துவிடவில்லை. தனி விதிகள் வந்தன, இப்போது வருடந்தோறும் அவற்றை மைதானத்தில் நிறுத்திப் பரிசோதிக்கிறார்கள். வகுப்பறையும் பேருந்தும் அவசியம் என்று நமக்குத் தெரியும். அதனால் அவற்றைத் திருத்துகிறோம். ஆறு, குளம், காடு, மலை எல்லாம் படிப்பில் சேராத உபரி என்று மனசுக்குள் வைத்திருக்கிறோம். அதனால் அவற்றை வெட்டிவிடுகிறோம்.

இங்கிலாந்தில் 1993 மார்ச்சில் லைம் வளைகுடாவில் பள்ளிப் பிள்ளைகள் சிறுபடகுப் பயிற்சிக்குப் போனார்கள். காற்றில் படகுகள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் பயிற்சி மையத்தில் பாதுகாப்பு போதாது என்று அங்கே வேலை பார்த்த பயிற்றுநர்களே முன்பு எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். மையத்தை நடத்தியவர் சிறைக்குப் போனார். 1995இல் சட்டம் வந்தது. உரிமம் பெறாமல் பிள்ளைகளுக்குச் சாகசப் பயிற்சி அளிக்கும் மையம் நடத்த முடியாதென்று ஆனது. பிள்ளைகள் கடலுக்குப் போவதை அந்தச் சட்டம் நிறுத்தவில்லை. பின்னாளில் பயம் மிகுந்து பள்ளிகள் பின்வாங்கத் தொடங்கியபோது, 2012இல் அந்நாட்டின் பாதுகாப்பு ஆணையமே, ஆபத்தை முற்றாக நீக்குவது நோக்கமல்ல, ஆபத்தையும் பயனையும் சேர்த்து எடைபோடுவதே நோக்கம் என்று அறிவித்தது. அதைப் படித்தபோது எங்கள் பழைய தலைமையாசிரியையின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், பங்களாதேஷைப் பார்க்கலாம். நம்மைப் போலவே குளமும் ஆறும் வெள்ளமும் நிறைந்த நாடு. அங்கே கிராமத்துக் குளங்களில் மூங்கிலால் மேடை கட்டி, அதற்குள் தண்ணீர் ஆழத்தை மட்டுப்படுத்தி, நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நீச்சலும், மூழ்குபவரைக் காப்பாற்றும் முறையும் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததை ஆய்வில் கண்டார்கள். உலக நலவாழ்வு நிறுவனமும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு வைத்திருக்கிறது. பள்ளி கூட்டிப்போன இடத்தில் இறந்தவர்கள் அதில் மிகச் சொற்பமாகத்தான் இருப்பார்கள். விடுமுறை நாளில், பெரியவர் துணையில்லாமல், கல்குவாரியிலும் கண்மாயிலும் போகிறவர்கள் பலர். பள்ளி தன் கதவை அடைத்தால் அந்தப் பிள்ளை ஆற்றுக்குப் போகாமல் இருக்கப்போவதில்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் போகும், அவ்வளவுதான்.

நீச்சலைப் போலவே முக்கியம், மூழ்குபவளைக் காப்பாற்ற நாமும் குதிக்காமல் இருப்பது. ஒருத்தியைப் பிடிக்கப் போய் அடுத்தவளும், அவளைப் பிடிக்கப் போய் அதற்கடுத்தவளும் போவதை எத்தனை செய்திகளில் படிக்கிறோம். மூழ்குகிற பிள்ளை சினிமாவில் வருவதுபோலக் கத்தாது. வாய் தண்ணீருக்குள் போய்வந்து கொண்டிருக்கும்போது சத்தம் வராது. கரையில் நின்று குடத்தை எறி, தாவணியை எறி, கம்பை நீட்டு, கத்தி ஆளைக் கூப்பிடு. இதைப் பள்ளி முற்றத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமலேயே பழக்கலாம். நான் பழக்கியிருக்கிறேன். ஒரு பிள்ளை தரையில் படுத்துக்கொள்ளும், மற்றவள் துப்பட்டாவை வீசுவாள்.

பயன் இல்லாத ஆபத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். பிள்ளைகள் பலருக்கு உயிர்காப்பு அங்கி கொடுக்கப்படவில்லை. ஏரியைச் சுற்றிவரும் படகு. படகின் அளவு என்ன, எத்தனை அங்கி இருக்கிறது என்று கரையில் நின்று எண்ணிப் பார்த்திருந்தால் போதும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இன்னொன்று. மார்ச் வெயிலில் காய்ந்த புல் எப்படிப் பற்றும் என்று அந்த மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துத் திறந்தது. அந்த வழிகாட்டியின் இடத்தில்தான் என் அத்தையை வைத்துப் பார்க்கிறேன். இடத்தை அறிந்தவர் ஒருவர் கூடவே வரவேண்டும், அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். பள்ளிகளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் படித்த ஒருத்தி இப்போது ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்களோடு மாணவர்களும் போவார்கள். தன் ஏழாம் வகுப்பை அதற்கு அழைத்துப்போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. போன மார்கழியில் தொலைபேசினாள். "எச்.எம். பயப்படுறாங்க டீச்சர். பாம்பு கடிச்சா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க."

"கேக்க வேண்டியதுதானம்மா. நீ என்ன பதில் வச்சிருக்க?"

அவளிடம் இல்லை. இருவரும் தொலைபேசியிலேயே அந்தத் தாளை எழுதினோம். செருப்பு போதாது, ஷூ வேண்டும். கரையில்தான் நடை, புதருக்குள் இறங்குவதில்லை. பாம்புக்கடிக்கு மருந்து இருப்பில் உள்ள அரசு மருத்துவமனை எது என்று முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டு வர வேண்டும், கொண்டுபோக வண்டி ஒன்று கரையிலேயே நிற்க வேண்டும். மதகுப் பக்கம் யாரும் போகாதபடி ஓர் ஆள். வலப்பக்கத்துக்கு அவளே மளமளவென்று சொன்னாள்: மஞ்சள் மூக்கு நாரை, பாம்புத்தாரா, நாமக்கோழி, வரித்தலை வாத்து இமயத்துக்கு அப்பாலிருந்து நம் குளத்துக்கு வருவது, எண்ணுவது எப்படி, எண்ணியதை நம்பத்தக்கதாக எழுதுவது எப்படி, தங்கள் ஊர்க் குளம் எதற்கெல்லாம் வேண்டும் என்பது.

பெற்றோர் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தாளை அவள் அப்படியே வாசித்தாள், இரண்டு பக்கத்தையும். எது நடக்கலாம் என்பதைக் குறைக்காமல் சொன்னதால் கூட்டம் கலைந்துவிடுமோ என்று தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். கேள்விகள் வந்தன. பையன்களை மட்டும் அனுப்பலாமே என்று ஒருவர் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தாள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்.

"எம் மகளும் போவா. அந்தக் குளத்துல எந்தக் கரை ஈரத்துல இடியும்னு எனக்குத் தெரியும், டீச்சர். அன்னைக்கு நான் வேலைக்குப் போகல, கூட வாரேன். ஆனா ஒண்ணு, நீங்க எழுதியிருக்கிற அந்த ஆளு மதகுகிட்ட நின்னா போதாது. ரெண்டு மடை இருக்கு. ரெண்டுக்கும் ஆளு போடுங்க."

ஆசிரியை பேனாவை எடுத்து, இடப்பக்கத்தில் அதைச் சேர்த்துக்கொண்டாள்.